புல்லுக்குள் படுத்திருந்த பொட்டு

மூங்கில் காட்டின் ஓரத்தில் ஒரு குளம். குளக்கரையில் ஆள் உயரத்துக்குப் புல். அந்தப் புல்லை நம்பி ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்துவந்தது. அதில் மருதி என்று ஒரு பெண்மான். அவளுக்கு ஒரே ஒரு பெண்குட்டி. நெற்றியில் மட்டும் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர்.

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய்மான் தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். "ஆபத்து வந்தா புல்லுக்குள்ள படு. அசையாதே. குரல் கொடுக்காதே!" சொல்லிவிட்டுத் தாய் தள்ளிப் போய் நின்றுகொள்ளும். பக்கத்தில் நின்றால் அதன் வாடையை வைத்தே நரி குட்டியைக் கண்டுபிடித்துவிடும் அல்லவா? நரியிடமிருந்தும் புலியிடமிருந்தும் தப்பிக்க நல்ல வழக்கம்தான். வேறு ஆபத்து வந்தபோதும் மருதி அதையே செய்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அந்த வருஷக் கோடையில் பொட்டுவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நடந்தால் கால் மடங்கியது. புல்லை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விலா எலும்பு வெளியே தெரிந்தது.

அந்தக் காட்டில் வைத்தியம் பார்ப்பவர் ஒரு கரடி. வேர், பட்டை, இலை எல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்குவமாகப் பேசத்தான் வராது. அவர் வந்து பொட்டுவை மோந்து பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மருதியை மூங்கில் புதருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இது தீராது. ரத்தத்துலயே ஊறிப்போன நோய். வலி தெரியாம இருக்க வேர் தர்றேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

மருதிக்குக் காட்டின் சத்தமெல்லாம் நின்றுபோனது. "ஐயா... குட்டிகிட்ட நான் என்ன சொல்றது?"

"குட்டிக்கு என்ன தெரியப்போகுது! மழை வந்தா சரியாயிடும்னு சொல்லி வை!" என்றார் கரடி. சொல்லிவிட்டுத் தேன் தேடிப் போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அங்கே நின்று மருதியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

கூட்டத்தின் தலைவர் ஒரு பெரிய ஆண்மான். கொம்பு கிளை கிளையாக இருக்கும் என்பதால் எல்லாரும் அவரைக் கிளைக்கொம்பர் என்பார்கள். அவர் எல்லாரையும் ரகசியமாகக் கூப்பிட்டார்.

"கேட்டுக்குங்க! பொட்டு காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது! அவ முன்னால யாரும் கண் கலங்கக் கூடாது! சின்னதுங்க அந்தப் பக்கமே போகக் கூடாது!"

எல்லாரும் தலையாட்டினார்கள். மருதியும் ஆட்டினாள்.

பிறகென்ன? பொட்டுவைப் புல்லுக்குள் படுக்க வைத்தார்கள். காலையிலும் சாயங்காலத்திலும் மருதி போவாள். பால் கொடுப்பாள். வேரைக் கடித்து நொறுக்கி வாயில் வைப்பாள். "மழை வரட்டும், எப்படி ஓடப்போறே பாரு!" என்று வாய் நிறையச் சிரிப்பாள். உடனே கிளம்பிவிடுவாள். தூரத்தில் இருந்த அத்தி மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுவாள்.

பொட்டு "சரிம்மா" என்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள். அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள்.

"எவ்வளவு சமர்த்து! ஒண்ணுமே தெரியலை அவளுக்கு!" என்று கூட்டம் மெச்சிக்கொண்டது. மருதிக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. பாவம், வேறு எதைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள்?

அந்தப் புல்லுக்கு மேலே ஒரு நாவல் மரம். அதில் சலங்கை என்று ஒரு மந்தி இருந்தாள். மந்திகள் மேலே தின்று கீழே சிந்தும் தழையை மான்கள் தின்னும். அந்த வகையில் இரண்டு கூட்டத்துக்கும் பழக்கம். சலங்கை தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் சத்தம் போடாமல் அத்தி மரத்துக்கு வந்து இறங்கினாள்.

"மருதி, உன் பொண்ணு என்கிட்ட ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'செத்துப்போனா அங்க இருட்டா இருக்குமா, அக்கா?'ன்னு கேட்டா."

மருதிக்குக் கோபம் பொங்கியது. "நீ சொல்லிட்டியா? உன் வாயை வெச்சுக்கிட்டு நீ சும்மாவே இருக்க மாட்டியா?"

"என் வாய் காடே அறிஞ்ச வாய்தான்! ஆனா நான் ஒண்ணும் சொல்லலை. 'ஏன்டி அப்படிக் கேக்கறே?'ன்னு மட்டும் கேட்டேன். மிச்சத்தையெல்லாம் அவதான் சொன்னா. தன் கால் விறைச்சுப் போறது அவளுக்குத் தெரியாதா? இந்த மரத்துக்குப் பின்னால நின்னு நீ விசும்பறது அவளுக்குக் கேக்காதா? மான் காதுடி அது!"

"தெரிஞ்சும் என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீதானே குரல் கொடுக்காதேன்னு சொல்லிக்கொடுத்தே! 'நான் பேசினா அம்மா பயந்துடுவா'ங்கறா. நீ அவளுக்காக மறைக்கறே. அவ உனக்காக மறைக்கறா. 'உன் அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?'ன்னு கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். இன்னிக்குத்தான் தலையாட்டினா."

"நான் என்னன்னு பேசுவேன் சலங்கை? வாயைத் திறந்தா அழுதுடுவேனே!"

"அழு! என் குட்டி செத்தப்ப அதைத் தூக்கிக்கிட்டு மரம் மரமாக் கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்கல்லாம் முகத்தைச் சுளிச்சீங்க. எனக்குக் கத்த மட்டும்தான் முடிஞ்சது. உன் குட்டி இன்னும் உயிரோட இருக்காடி! போ, போய் அவ பக்கத்துல படு!"

மருதி புல்லை நோக்கி ஓடினாள். குறுக்கே வந்து நின்றார் கிளைக்கொம்பர்.

"எங்க போறே? நீ அங்கேயே கிடந்தா உன் வாடைக்கு நரி வரும்!"

"வந்தா உதைக்கறேன் ஐயா. வழி விடுங்க!"

"மேலேருந்து எங்க கூட்டம் காவல் பாக்கும்! நரி வால் தெரிஞ்சாலே காட்டையே எழுப்பிடுவோம்!" என்று கத்தினாள் சலங்கை. கிளைக்கொம்பர் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்.

மருதி புல்லை விலக்கி உள்ளே போனாள். பொட்டுவை ஒட்டிப் படுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"கண்ணு, சலங்கை சொன்னா."

பொட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "திட்டாதேம்மா."

"திட்டலைடா. நான்தான் உன்கிட்டப் பொய் சொன்னேன்."

பொட்டு மெல்லக் கேட்டாள். "அம்மா, நான் சாகப்போறேனா?"

'இல்லை' என்ற சொல் மருதியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "ஆமா தங்கம். கரடி ஐயாவால இதைக் குணப்படுத்த முடியலை. யாராலயும் முடியலை."

குட்டி அலறும் என்று நினைத்தாள். அலறவில்லை. பொட்டு நீளமாக மூச்சு விட்டாள்.

"நான் பள்ளத்துத் தண்ணியைக் குடிச்சதாலதானே? நீ குடிக்காதேன்னு சொன்னே, நான் குடிச்சேன். அதனாலதானே என்னை இங்க தனியாப் போட்டுட்டீங்க?"

மருதிக்கு உயிரே போய்விட்டு வந்தது. இத்தனை நாளும் குட்டி இந்த எண்ணத்தோடா படுத்துக் கிடந்தாள்? நோயைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதை எப்படித் தாங்குவது! அவள் வாய்விட்டு அழுதாள்.

"இல்லடா, இல்லவே இல்ல! அந்தத் தண்ணியைக் குடிக்காத குட்டி இந்தக் கூட்டத்துல யாரு? நானே குடிச்சிருக்கேன்! நீ செஞ்ச எதுனாலயும் இது வரலை. உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. உன்னைத் தனியா விட்டது என் தப்பு."

பொட்டு தாயின் கன்னத்தை நக்கினாள். "வலிக்குமாம்மா?"

"வலிக்காம இருக்க வேர் இருக்கு. வலிச்சா உடனே சொல்லணும். மறைக்கக் கூடாது."

"இருட்டா இருக்குமா?"

"தெரியலைடா. எனக்கு நிஜமாவே தெரியலை. ஆனா அதுவரைக்கும் உன்னை விட்டு எங்கயும் போக மாட்டேன். உனக்கு என்ன வேணும், சொல்லு?"

"எல்லாரும் விளையாட வரணும்."

மருதி கிளைக்கொம்பரிடம் போய் நின்றாள். அவர் பதறினார். "சின்னதுங்க பயந்துடும் மருதி!"

"இப்பவே பயந்துதான் இருக்குதுங்க ஐயா. பொட்டு எங்கேன்னு கேட்டா நாம அதட்டறோம். அதுங்க என்னென்ன நினைக்குதுங்களோ!"

கிளைக்கொம்பர் தரையைக் குளம்பால் கீறிக்கொண்டே நின்றார். கடைசியில் அவரே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொட்டுவுக்கு என்ன ஆகப்போகிறது என்று மருதி அவர்களுக்குச் சொன்னாள். குட்டிகள் முழித்தன. ஒரு குட்டி "எங்களுக்கும் வந்துடுமா?" என்று கேட்டது. "வராது, இது ஒட்டற நோய் இல்ல" என்றாள். ஒரு குட்டி அழுதது. இன்னொன்று, "அப்ப நாம காதாட்டம் ஆடலாமா?" என்றது.

காதாட்டம் என்றால் வேறொன்றுமில்லை. தலையை அசைக்காமல் காதை மட்டும் ஆட்டி ஈயை விரட்ட வேண்டும். ஓட வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். எல்லாரும் பொட்டுவைச் சுற்றிப் படுத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டு ஆட்டத்தில் பொட்டு ஜெயித்தாள். மூன்றாவதில் தூங்கிப்போனாள். குட்டிகள் தினமும் வந்தன.

மழை வருவதற்கு முன்பே ஒரு காலையில் பொட்டுவால் காதையும் ஆட்ட முடியவில்லை. மருதி கழுத்தை அவள்மேல் போட்டுப் படுத்திருந்தாள். மேலே மந்திகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தன.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டா."

"சும்மாதான் கேட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

அதற்குப் பிறகு பொட்டு கேட்கவில்லை.

மருதி கதறினாள். ஒரு மான் அப்படிக் கதறி அந்தக் காடு கேட்டதில்லை. யாரும் அவளை அடக்கச் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்துக் கிளைக்கொம்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மருதி, தப்பா நினைக்காதே. சொல்லாமலே இருந்திருந்தா பயமில்லாமப் போயிருப்பா இல்லையா?"

"பயம் அவளுக்கு முதல்லேருந்தே இருந்தது ஐயா. அதைத் தனியா வெச்சுக்கிட்டுக் கிடந்தா. நான் போய்ப் படுத்தப்புறம்தான் பாதியை என்கிட்டக் கொடுத்தா. நான் போகாத நாளெல்லாம் முழுசையும் அவளே சுமந்திருக்கா. அதை நினைச்சுத்தான் எனக்கு ஆறலை."

கிளைக்கொம்பர் காலை மடக்கி மருதியின் பக்கத்தில் படுத்தார். ஒவ்வொன்றாக மற்ற மான்களும் வந்து படுத்தன.

தீராத நோயில் கிடக்கும் குழந்தை கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லி, கூட இருந்து அதன் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்வதே நாம் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.