ஸ்டீயரிங் துடைக்கும் துணி

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு குரு உண்டு. சிரிக்காதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் போய்க் கோகிலவாணி என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் வழி காட்டுவார்கள். ஒரு காலத்தில் ராலிப் பந்தயங்களில் வண்டி ஓட்டியவர். வயது நாற்பதுதான் இருக்கும். எவ்வளவு பழைய ஜெர்மன் காரானாலும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டி முடித்து வண்டியை அடுத்தவரிடம் கொடுக்கும் முன், ஒரு மஞ்சள் துணியால் ஸ்டீயரிங்கைச் சுற்றிலும் துடைத்துவிட்டுத்தான் இறங்குவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. சீடர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மஞ்சள் துணி வாங்கிக்கொண்டார்கள். குரு செய்தால் அதில் விஷயம் இல்லாமலா இருக்கும்!

அந்தச் சீடர்களில் ஒருவர் கிட்டுசாமி. கயிறு மில் வைத்திருந்தார். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

சில வருஷங்களுக்கு முன், நல்ல மழையில் வால்பாறை மலை இறங்கும்போது, ஒன்பதாம் வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரச் சுவரில் முட்டியது. பக்கத்தில் இருந்த மனைவி தங்கமணிக்குக் கை ஒடிந்தது. கிட்டுசாமி இறங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து மலைப் பாதையில் வண்டி ஓட்ட அவருக்குப் பயம்.

இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "நாலு சக்கரமும் இழுக்கற பழைய ஜெர்மன் வண்டி ஒண்ணு அமையட்டும், அப்பறம் பாருங்க," என்று மட்டும் சொல்லி வந்தார். சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரத்தைத்தான் சுற்றும். நாலையும் சுற்றினால் வண்டி வழுக்கவே வழுக்காது என்று அவர் திடமாக நம்பினார்.

ஆனால் வண்டி அமைந்தபாடில்லை. கொச்சியில் பார்த்ததில் கண்ணாடியில் கீறல். பெங்களூரில் பார்த்ததில் சீட்டுக் கிழிசல். சேலத்தில் பார்த்தது எல்லாம் சரி, நிறம்தான் கண்ணை உறுத்தியது.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தன நொட்டை சொல்ல மாட்டாங்ணா," என்று கோகிலவாணி சிரிப்பார்.

இப்போது மகள் சுகன்யாவுக்கு ஏழாம் மாதம். வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் மருமகனுக்கு வேலை. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"வாடகைக் காரை அனுப்புனா ஆச்சு," என்றாள் தங்கமணி. மகள் கேட்டால்தானே! அப்பா வந்தால்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிட்டுசாமிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் வந்து நின்றது.

வளைகாப்புக்கு முதல் நாள் காலையில் கோகிலவாணியே கூப்பிட்டார். ஆழியாரில், மலையடிவாரத்திலேயே, ஒரு தோப்பு வீட்டில் நாலு சக்கரமும் இழுக்கும் ஜெர்மன் வண்டி நிற்கிறது, உடனே வாருங்கள் என்றார்.

தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கிட்டுசாமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்த மாதிரி வண்டிகளில் நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பல்சக்கரங்கள் கெட்டுப்போகும் என்பது குருவின் பாடம். தடவிப் பார்த்தார். நாலும் ஒன்றுபோல இருந்தன. கீறல் இல்லை, கிழிசல் இல்லை. நிறத்திலும் ஒன்றும் சொல்வதற்கில்லை. குறை எதுவும் அகப்படாததில் அவருக்குப் பகீரென்றது.

"ஏறுங்ணா," என்றார் கோகிலவாணி.

தோப்புக்குள் ஒரு செம்மண் மேடு. மழையில் குழைந்து கிடந்தது. வண்டி அதில் ஒரு முக்கலும் இல்லாமல் விறுவிறுவென்று ஏறியது. கிட்டுசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதுதானுங்க அம்மிணி! இதைத்தானுங்க நான் இத்தன நாளாத் தேடுனது!"

கோகிலவாணி மேட்டைவிட்டு இறக்கி, கொப்பரை காயப்போடும் சிமெண்ட் களத்துக்கு வண்டியை விட்டார். களம் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. அந்தக் கோடியில் தேங்காய்க் குவியல். அதைப் பார்த்து வேகமாக ஓட்டிக்கொண்டு போய், பாதிக் களத்தில் பிரேக்கை மிதித்தார்.

வண்டி நிற்கவில்லை. அதே சத்தம், அதே வழுக்கல். கிட்டுசாமி "ஐயோ தங்கமணி!" என்று அலறிக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி குறுக்கே திரும்பி, தேங்காய்களுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது.

"நாலு சக்கரமும் இழுக்குதுன்னீங்களே அம்மிணி!"

"இழுக்குதுங்ணா. மேட்டுல பாத்தீங்கள்ல."

"பின்ன ஏன் நிக்கல?"

"நிறுத்தறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தானுங்ணா. உங்க பழைய வண்டிக்கும் அதேதான்."

"அப்ப வழுக்காத வண்டின்னு ஒண்ணு இல்லீங்களா?"

"இல்லீங்ணா."

அந்த நேரம் பார்த்துக் கிட்டுசாமியின் போன் அடித்தது.

"அப்பா, நாளைக்கு நீங்கதான வர்றீங்க?"

"வண்டி பாத்துட்டிருக்கேன் சாமி," என்று சொல்லி அவசரமாக வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க அம்மிணி." வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்தப் புள்ளையையும் வயித்துல இருக்கறதையும் வெச்சுக்கிட்டு நான் அந்த வளைவுல எப்படித் திரும்பறது? என்னால ஆகாதுங்க. உங்களுக்கென்ன, பயம்னா என்னன்னே தெரியாது. மலையில உங்கள மாதிரி ஆளுங்கதான் ஓட்டோணும்."

கோகிலவாணி கதவைத் திறந்து இறங்கினார். தூறலில் சுற்றி வந்து கிட்டுசாமி பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் போய் உக்காருங்ணா."

"எங்கீங்க?"

"ஒன்பதாம் வளைவு வரைக்கும் போயிட்டு வரலாம்."

குரு சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. கிட்டுசாமி மாறி உட்கார்ந்தார். அவர் இடத்தில் கோகிலவாணி ஏறிக்கொண்டார். கிட்டுசாமி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை எடுத்துவிட்டார்.

ஸ்டீயரிங் ஈரமாக இருந்தது. பிடிக்கிற இரண்டு இடத்திலும் சொதசொதவென்று வேர்வை. மஞ்சள் துணி மடித்தது மடித்தபடி டாஷ்போர்டில் கிடந்தது. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கோகிலவாணியின் கைகள் மடியில் இருந்தன. விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அம்மிணி, ஸ்டீயரிங்கத் தொடைக்க மறந்துட்டீங்க."

"மறக்கலீங்ணா," என்றார் கோகிலவாணி. "பெல்ட்டப் போட்டுட்டு வண்டிய எடுங்க."