பாதி வரைந்த நண்டு

அந்தக் காலத்தில் கடலோரப் பாறைக் குட்டைகளில் இருந்த உயிர்களுக்குப் பேச்சு இருந்தது, உடம்புதான் சரியாக இல்லை. எல்லாம் நுங்கு மாதிரி கொழகொழவென்று கிடக்கும். மீன் வந்தால் ஒரே வாய். பாவம் பார்த்த கடல், சடைச்சி என்ற பெண்ணை அழைத்து அவற்றுக்கு உடம்பு வரையச் சொன்னது. கடல் வற்றியதும் அவள் குட்டை ஓரத்து ஈரமணலில் உட்கார்ந்து விரலால் படம் போடுவாள். திரும்ப ஏறி வரும் அலை படத்தை அழிக்கும்; அழிந்த படம் அந்தந்த உயிரின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறைதான். ஒட்டியதை மாற்ற முடியாது.

நத்தைகள் முந்திக்கொண்டு எப்போதோ கூடு வாங்கிப் போய்விட்டன. நட்சத்திர மீன் அசையாமல் கிடந்தது, ஐந்து கையும் அளவாக அமைந்தது. கடல் முள்ளெலிதான், "இன்னும் ரெண்டு முள்ளு போடுங்கக்கா" என்று உயிரை வாங்கியது. உடம்பு கிடைத்ததும் எல்லாம் தன் பாட்டுக்குக் கிளம்பிவிடும். எப்படி வரைகிறாய் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை. சடைச்சிக்கு அதில் உள்ளூர வருத்தம்தான்.

கடைசியாக வந்தது, இன்று நாம் சங்கு நண்டு என்கிறோமே, அது. கண்ணும் கொடுக்கும் போட்டு முடிப்பதற்குள் படத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

"இது என்னதுக்கா?"

"உன் கொடுக்கு. தள்ளி நில்லுலே."

"ஒண்ணு பெருசா இருக்கே?"

"பெருசு சண்டைக்கு, சிறுசு சாப்பாட்டுக்கு."

"கண்ணை ஏன் காம்புல வச்சீங்க?"

"உன்னை மாதிரி எட்டிப் பார்க்கிறவனுக்கு வேற எங்க வைக்க?"

சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில், கோடு இழுக்கும்போது விரலை எப்படிச் சாய்க்க வேண்டும் என்றுகூட விளக்கிக்கொண்டிருந்தாள். காலில் தண்ணீர் பட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

படத்தில் முன்பாதிதான் இருந்தது. பதறிப்போய் வயிற்றுக்கு ஒரு வளைகோடு இழுத்தாள். அதற்குள் அலை வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

நண்டு திரும்பித் தன்னைப் பார்த்தது. முன்னால் கெட்டி ஓடு, பின்னால் வளைந்த வெறும் சதை. இரண்டு மீன்கள் அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன.

"மீதி எப்பக்கா வரைவீங்க?"

"இனி முடியாதுலே. பேச்சு ருசியில உன்னைப் பாதியில விட்டுட்டேன். என் தப்பு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. செத்துப்போன நத்தையின் காலிக் கூடு ஒன்று தண்ணீரில் உருண்டு வந்தது. அதை எடுத்து நண்டின் பின்பாதியை உள்ளே செருகினாள். மீன்கள் முட்டிப் பார்த்துவிட்டு விலகிப் போயின.

"இந்தக் கூடும் நீங்க வரைஞ்சதாக்கா?"

"ஆமா."

"உள்ள எப்படி இருக்கும்?"

"எனக்கே தெரியாது. நான் வெளிப்பக்கம்தான் வரைஞ்சேன்."

"இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று நண்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று முதல்தான் சங்கு நண்டு செத்த நத்தையின் கூட்டில் பின்பாதியை ஒளித்துக்கொண்டு திரிகிறது. வளர்ந்து வேறு கூடு தேடும்போதும், கொடுக்கை உள்ளே விட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவி விசாரித்த பிறகுதான் குடியேறுகிறது.