ஆறாண்டுப் புறா

செய்திகள் எல்லாம் கால்நடையாக நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாட்டு அரசருக்குக் காலைப் பொழுதில் ஓர் ஆசை பிறந்தது. வடக்கு எல்லையில் வெள்ளம் வந்த செய்தி அவருக்கு ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்திருந்தது.

"வெள்ளமே வடிந்திருக்கும். இனி நம் நாட்டில் செய்தி நடக்கக் கூடாது. பறக்க வேண்டும்" என்றார்.

அரசர் ஒரு சொல்லைக் கீழே போட்டால் அது தரையைத் தொடுமுன் கையில் ஏந்திக்கொள்பவர் இரத்தினகிரியார். ஆறே மாதத்தில் தலைநகரில் புறா மாளிகை எழும்பியது. அவரே அதற்கு அதிபதியானார்.

விரும்பிய குடும்பம் மாளிகையில் ஒரு புறாவைப் பெற்றுக்கொள்ளலாம். சேதி சொல்ல வேண்டுமானால் ஓலை நறுக்கை அதன் காலில் கட்டிப் பறக்கவிட வேண்டும். புறா தான் வளர்ந்த மாளிகைக்கே போய்ச் சேரும். அங்கிருந்து வேறொரு புறா அந்த ஓலையை எல்லைக் கோட்டைக்கோ அயல்நாட்டுக்கோ கொண்டுபோகும். ஓலையை வாங்கியவர் 'சேர்ப்புச் சீட்டு' ஒன்று எழுதித் தருவார். சீட்டும் புறாவும் மாளிகை ஆள் கையில் வீட்டுக்குத் திரும்பி வரும். ஊரே மயங்கிப்போனது.

ஒப்பந்தத்தை அரசர் பெயராலேயே கல்லில் வெட்டி மாளிகை வாசலில் நட்டிருந்தார்கள். புறாவை ஆறாண்டு வைத்திருக்க வேண்டும். அமாவாசைதோறும் மாளிகைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இடையில் விலகினால் வீட்டிலுள்ள உழைக்கும் மாட்டைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் பெரிய எழுத்து. அதற்குக் கீழே, புல் மறைக்கும் உயரத்தில், சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றைக் குனிந்து படித்தவர் எவரும் இல்லை.

இரண்டாண்டு கழித்து ஓர் அமாவாசையன்று, செக்காட்டும் வடிவாயி என்ற பெண் புறாக் கூண்டோடு சபைக்கு வந்தாள். அவள் கணவன் ஏகப்பன் வடக்கு எல்லைக் கோட்டையில் வீரனாக இருந்தவன். மூன்று மாதங்களுக்கு முன் நடந்த சண்டையில் இறந்துபோனான்.

"மகாராசா, இந்தப் புறாவ எடுத்துக்கிடச் சொல்லுங்க. அவருக்குச் சேதி சொல்லத்தான் வாங்குனேன். இனிமே யாருக்குச் சொல்ல?"

அரசர் புறா மாளிகை அதிபதியைப் பார்த்தார்.

இரத்தினகிரியார் கைகட்டிச் சொன்னார்: "அரசே, ஒப்பந்தம் வீட்டோடு செய்தது. ஆள்தான் இறந்திருக்கிறார், வீடு இறக்கவில்லையே. இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இப்போதே விலக விரும்பினால் மாட்டைக் கட்டிவிட்டுப் போகலாம்."

"அமாவாசைக்கு அமாவாச ரெண்டு நாள் நடந்து வந்து இதக் காட்டிட்டு, ரெண்டு நாள் நடந்து போறேன் சாமி. அந்த நாலு நாளும் செக்கு நிக்குது. மாட்டையும் குடுத்துட்டா மொத்தமா நின்னுரும். அப்புறம் நுகத்தடியில நான்தான் கழுத்தக் குடுக்கணும்."

அரசர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அம்மா, அது நம் பெயரால் வெட்டிய கல். நாமே அதை மீறினால், நாளை நம் சொல்லை எவர் மதிப்பார்?"

அப்போது விகடகவி வெண்காடன் தன் இடத்திலிருந்து எழுந்தான். சிரிக்க வைப்பான் என்று சபையினர் எதிர்பார்த்தார்கள். அவன் முகத்திலோ சிரிப்பு இல்லை.

"அரசே, கல்லை மீறாமலே இவளை விடுவிக்க எனக்கு ஐந்து நாள் தாருங்கள்."

இரத்தினகிரியாருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அரசர் தம்மைவிட வெண்காடனை அதிகம் விரும்புகிறாரே என்று அவர் வெந்துகொண்டிருந்த நாட்கள் பல.

"நல்லது. ஆனால் கல்லில் ஓர் எழுத்து மாறக் கூடாது. அரசர் மன்னிப்பும் கூடாது. வேறொருவர் மாடு கொடுத்து மீட்பதும் கூடாது. முடியாவிட்டால், மீதமுள்ள நான்கு ஆண்டும் விகடகவியார் எங்கள் மாளிகையில் புறா எச்சம் வழிக்கட்டும். சம்மதமா?"

"சம்மதம். புறா எச்சம் பரவாயில்லை, அதிபதியாரே. எங்கே விழுகிறது என்றாவது கண்ணுக்குத் தெரியும்."

சபையை விட்டு வந்த வெண்காடன் நேரே புறா மாளிகை வாசலுக்குப் போனான். கல்லின் முன் மண்டியிட்டுப் புல்லை விலக்கி, கடைசி வரிவரை படித்தான். வாயிற்காவலன் அதிசயமாகப் பார்த்தான்.

"என்ன சாமி, ஏதும் தொலைச்சுட்டீங்களா?"

"இல்லையப்பா. யாரோ தொலைத்ததைக் கண்டெடுத்தேன்."

பிறகு சத்திரத்தில் தங்கியிருந்த வடிவாயியிடம் போனான்.

"அம்மா, இந்தப் புறாவின் காலில் ஒரு சேதி கட்டி அனுப்ப வேண்டும்."

"யாருக்கு?"

"யாருக்காக வாங்கினாயோ, அவருக்கு."

வடிவாயி வெடுக்கென்று எழுந்தாள். "கேலி பண்ண வேற ஆளு கெடைக்கலையா உமக்கு? தாலி அறுத்தவளப் பாத்தா சிரிப்பு வருதோ?"

"தாயே, கேலி என் பிழைப்பு. இப்போது நான் பிழைப்புக்கு வரவில்லை" என்று வெண்காடன் கைகூப்பினான். கல்லின் கடைசி வரிகளில் என்ன இருக்கிறது என்பதை மெல்ல விளக்கினான்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். எழுத்தாணியோடு அவன் காத்திருந்தான். அவள் சொன்னாள்:

"மாடு நல்லா இருக்கு. இந்தத் தடவ எள்ளு நல்ல எள்ளு. எண்ணெய மோந்து பாக்கத்தான் நீ இல்ல. அவ்வளவுதான். எழுதிக்கிடுங்க."

அவன் எழுதினான். மேலே, 'வடக்குக் கோட்டை வீரன் ஏகப்பன் கையில் சேர்க்க' என்று குறித்தான். புறா பறந்தது.

நாலாம் நாள் மாளிகை ஆள் புறாவையும் சேர்ப்புச் சீட்டையும் சத்திரத்தில் தந்துவிட்டுப் போனான். வெண்காடன் அதைப் படித்துக் காட்டினான். வருவது பொய்ச் சீட்டாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவள் கை நீண்டு அந்த ஓலையை வாங்கியது. படிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதுலயா அவரு பேரு இருக்கு?" என்று கேட்டாள்.

தன் தந்திரத்தை எண்ணி வெண்காடன் அன்று பெருமைப்படவில்லை.

ஐந்தாம் நாள் சபை கூடியது. வெண்காடன் சீட்டைச் சுருட்டியபடியே உயர்த்திக் காட்டினான்.

"அதிபதியாரே, இது உங்கள் மாளிகைச் சீட்டுதானா?"

இரத்தினகிரியார் முத்திரையைப் பார்த்தார். "ஐயமென்ன? எங்களுடையதுதான்."

"சேர்க்காமலே சேர்த்ததாக எழுதும் வழக்கம் உண்டோ?"

"அரசே, இது அவமதிப்பு! எங்கள் மாளிகையிலிருந்து போன ஓலை உரியவர் கையில் சேராமல் போனதே இல்லை. இந்தச் சீட்டுக்கு என் பதவியே பிணை!"

"போதும்" என்ற வெண்காடன் ஓலையைப் பிரித்து உரக்கப் படித்தான்: "ஓலை கிடைத்தது. நலம். நலமறிய ஆவல். இப்படிக்கு, வடக்குக் கோட்டை வீரன் ஏகப்பன்."

பிறகு அரசர் பக்கம் திரும்பினான்.

"அரசே, இந்த வீரன் மாண்டான் என்று தங்கள் முத்திரையிட்டுத்தான் இவளுக்கு ஓலை போனது. அதிபதியாரோ அவன் நலமாக இருக்கிறான் என்கிறார். பதவியையே பிணை வைக்கிறார். அவர் சொல்வது மெய்யானால் தங்கள் முத்திரை பொய். வடிவாயி பூவும் பொட்டுமாக வீட்டுக்குப் போகலாம். அதிபதியார் ஏகப்பனை அழைத்துவந்து விட்டால் போதும்."

இரத்தினகிரியார் அரசரைப் பார்த்துக் கைகூப்பினார். "இது... கணக்கப்பிள்ளைகள் செய்த பிழை. ஓலைகள் குவிகின்றன. கோட்டைக்குப் பறக்கும் புறாக்கள் பாதி வழியிலேயே பருந்துக்கு இரையாகிவிட்டன. மக்கள் மனம் நோகக் கூடாதே என்று சீட்டை மட்டும்..."

"அப்படியானால் ஓலை சேரவில்லை?"

"சே... சேரவில்லை."

"கல்லின் கடைசி வரிகள், அரசே: 'ஒப்படைத்த ஓலையை உரியவர் கையில் சேர்ப்போம். ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் அன்றோடு கழிந்தது. குடிகள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.' ஓர் எழுத்தும் மாறவில்லை. யாரும் மன்னிக்கவும் இல்லை. கல் சொல்கிறது, இவள் போகலாம்."

எல்லோரும் அரசரின் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். வெண்காடன் வென்ற நாளில் அரசர் சிரிப்பார், சபையும் சிரிக்கும். ஆனால் அரசர் சிரிக்கவில்லை. கை நீட்டிச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

அவருடைய ஒரே மகளை மலைகளுக்கு அப்பால் வேறொரு நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். மாதம் தவறாமல் அவளுக்கு ஓலை அனுப்புவார். மாதம் தவறாமல் சீட்டும் வரும். இரண்டாண்டாக அவற்றைச் சந்தனப் பேழையில் சேர்த்துவைத்திருந்தார். எல்லாச் சீட்டிலும் இதே வரிதான்.

"நலம். நலமறிய ஆவல்" என்று மெதுவாகச் சொன்னார். "இரத்தினகிரியாரே, நம் மகளின் சீட்டுகள்?"

இரத்தினகிரியார் காலில் விழுந்தார்.

கூண்டைக் கீழே வைத்துவிட்டு வடிவாயிதான் பேசினாள்.

"மகாராசா, நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்குப் போக எடமில்ல. உங்களுக்கு இருக்கு."

அரசர் எழுந்து நின்று அவளுக்குத் தலை தாழ்த்தினார். அன்று மாலையே அவர் தேர் மேற்கு வாசலைத் தாண்டியது. புறாக்களை எல்லா வீடுகளிலிருந்தும் எதுவும் கேளாமல் திரும்பப் பெறச் சொல்லிவிட்டுப் போனார். மாளிகையில் தேங்கிக் கிடந்த மூன்று அறை ஓலைகளை இரத்தினகிரியார் தோளில் சுமந்து, ஊர் ஊராக நடந்து, உரியவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. உரியவர் இல்லாத ஓலைகளை எழுதியவரிடமே திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வடிவாயி மறுநாள் விடியலில் ஊருக்குப் புறப்பட்டாள். கையில் கூண்டு இல்லாததால் ஒன்றரை நாளிலேயே வீடு சேர்ந்தாள். செக்கு ஓடியது.

நாற்பது நாள் கழித்து அரசர் திரும்பினார். மீசையில் ஒரு பக்கம் குறைந்திருந்தது. சபை பதறியது.

"பேரன் பிடுங்கிவிட்டான்" என்றார் அரசர். "நம் மகள் வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள்: 'இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாத அப்பாவுக்கு இப்போது மட்டும் வழி தெரிந்ததோ?' அரைநாள் திட்டினாள். அதன் பிறகுதான் சோறு போட்டாள். வெண்காடா, எந்தச் சீட்டிலும் வராத சுகம், அப்பப்பா, அந்தத் திட்டு!"

தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவியின் கழுத்தில் போட்டார். வெண்காடன் மாலையைப் புரட்டினான். முன்னும் பார்த்தான், பின்னும் பார்த்தான். கொக்கியருகில் கண்ணை வைத்து உற்றுப் பார்த்தான்.

"என்னப்பா தேடுகிறாய்?"

"ஒன்றுமில்லை, அரசே. இதை எத்தனை ஆண்டு அணிய வேண்டும் என்று எங்கேயாவது சின்ன எழுத்தில் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்."

குறைந்த மீசையோடு அரசர் சிரித்த சிரிப்பில், சபையும் நாற்பது நாளைக்குச் சேர்த்துச் சிரித்துக்கொண்டது.