குருவிக்கரையில் யாரும் தனியாக அழுவதில்லை

குருவிக்கரைக்காரர்களைப் பற்றிக் கேள்விப்படுவதில் பாதியை நம்பினால் போதும் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். எந்தப் பாதி என்று ஜெபக்கனி கேட்பதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

அவள் குருவிக்கரை பால்வாடிக்குப் புது டீச்சர். முதல் வேலை. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மா வருவதாக இருந்தது. பிள்ளைகள் அழாமல் உட்கார்ந்திருந்தால் பால்வாடி நடக்கும்; இல்லாவிட்டால் பூட்டிச் சாவியை வாங்கிப் போய்விடுவார்.

திங்கட்கிழமை தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

"உங்க முகத்தைப் பார்த்தா அழுகை நிக்காது. திரும்பிப் பார்க்காம போங்க" என்றாள் ஜெபக்கனி.

வீடுகள் பால்வாடிக்குப் பின்னால் இருந்தன. திரும்பினால் பால்வாடி கண்ணில் படும். ஆகவே அவர்கள் நேராக நடந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. பக்கத்து ஊர் டீக்கடையிலிருந்து போன்தான் வந்தது.

"டீச்சர், சுடலி பேசுதேன், இசக்கிக்க அம்மை. இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?"

"திரும்பி வாங்கக்கா."

"திரும்பிப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்."

இருட்டுவதற்குள் வந்துசேர்ந்தார்கள். சுடலி மூச்சு வாங்க, "பிள்ளை அழுதாளா? சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். "கொஞ்சந்தான் அழுதா. சுண்டல் சாப்பிட்டா" என்றாள் ஜெபக்கனி.

அது பொய். அழுகை கொஞ்சமில்லை. இசக்கி வாயைத் திறந்ததும் மற்றப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்களைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே அழுதன. மறுநாளும் அப்படித்தான் ஆயிற்று. அன்று சத்தம் கேட்டுத் தாய்மாரும் வந்து அழுதார்கள். சோடாக்கடை மாசானம் கடையை அடைத்துவிட்டு வந்து, துண்டை விரித்து உட்கார்ந்து அழுதார்.

"உங்களுக்கு என்னண்ணே?"

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஒருத்தர் அழும்போது மத்தவங்க சும்மா இருந்தா அவுக மனசு என்ன பாடுபடும்? எங்க ஊர்ல அது வழக்கமில்ல."

"எப்ப நிறுத்துவீங்க?"

"ஆரம்பிச்சவுக நிறுத்தணும். நாம முந்திக்கிட்டா மரியாதையா இருக்காது."

ஆரம்பித்த இசக்கி அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். ஊர் அழுதபடியே யோசித்தது.

"தூங்கினா நிறுத்தினதாத்தான அர்த்தம்?" என்றாள் சுடலி.

"அது எப்படி?" என்றார் மாசானம். "எங்க மாமனார் சாப்பிட்டுக்கிட்டே தூங்கிட்டாரு. முடிச்சிட்டாருன்னு தட்டை எடுத்தேன். முழிச்சு, சண்டைக்கு வந்துட்டாரு."

எழுப்பிக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எழுப்பினார்கள். ஊரே அழுதுகொண்டிருப்பதை இசக்கி பார்த்தாள். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை, அவளும் சேர்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து ஜெபக்கனி ஒரே வேலையாக இருந்தாள். இசக்கியின் உதடு பிதுங்கியதும் ஓடிப்போய் முதுகைத் தட்டி, "அழாத, சாயங்காலம் அம்மா வந்துருவா" என்றாள். ராத்திரி தூக்கத்திலும் தலையணையைத் தட்டி அதையே சொன்னாள். வியாழக்கிழமை இசக்கி அழவில்லை. அதனால் ஊரும் அழவில்லை.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மா மினிபஸ்ஸில் வந்து இறங்கினார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தன. அவர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியபோது, வெளியே காத்திருந்த டிரைவருக்கு அவசரம் வந்துவிட்டது. ஹாரனை அழுத்தினார்.

பிள்ளைகள் சுண்டலைக் கீழே வைத்தன.

ஜெபக்கனி வாசலை மறிப்பதற்குள் எல்லாம் வெளியே போய் மினிபஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டன. மாசானம் துண்டோடு வந்தார். தாய்மார் வந்தார்கள். வழியில் உட்கார்ந்தவர்களை எழுப்ப டிரைவர் இன்னும் பலமாக ஹாரனை அழுத்தினார். பாவம், மினிபஸ் ரொம்பத்தான் அழுகிறது என்று ஊர் இன்னும் பலமாக அழுதது.

சூப்பர்வைசர் அம்மா ஜெபக்கனியிடம் கையை நீட்டினார். "சாவி."

ஜெபக்கனி சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். அப்போது இசக்கி எழுந்து போய் மினிபஸ்ஸின் டயரைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாத. சாயங்காலம் அம்மா வந்துருவா."

டிரைவர் கையை எடுத்துவிட்டார். ஹாரன் நின்றது. ஆரம்பித்தவர் நிறுத்தியதால் ஊரும் நிறுத்தியது.

சூப்பர்வைசர் அம்மா நீட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடத்தும்மா" என்று சொல்லி மினிபஸ்ஸில் ஏறிப்போனார்.

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுத்தன. ஊரும் கலையாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றாள் ஜெபக்கனி.

"அதோட அம்மைக்குத்தான்" என்றார் மாசானம். "பிள்ளையைத் தேடி வருமில்லையா?"

டவுனிலிருந்து பெரிய பஸ் வந்தது. மாசானம் நடுரோட்டில் நின்று அதை மறித்தார். இசக்கி முன்னால் போய், "கொஞ்சந்தான் அழுதுச்சு" என்றாள்.

பெரிய பஸ்ஸின் டிரைவரும் குருவிக்கரைக்காரர்தான். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"சாப்பிட்டுச்சா?"