நீலமீசை ராஜாவும் பாறாங்கல் மூடிய கிணறும்

நீல நிறத்தில் மீசை வைத்த ராஜாவை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் வெகு காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை ஆண்ட மகுடேந்திர ராஜா, ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார், பாருங்கள்! நேற்றுவரை பஞ்சு மாதிரி வெளுத்திருந்த மீசை, கத்தரிப்பூ நீலத்தில் இருந்தது.

குளித்தது அரண்மனைக் கிணற்றுத் தண்ணீரில். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கசப்போ கசப்பு.

"என்னய்யா இது? கிணற்றுக்கு என்ன ஆச்சு?" என்று சபையில் கேட்டார்.

உடை அதிகாரி வசந்தராயர் முந்திக்கொண்டார். "கிணறு வெட்டிய மூக்கன்தான் காரணம், மகாராஜா. கெட்ட ஊற்றைத் திறந்துவிட்டிருக்கிறான்."

ராஜாவுக்கு யோசிக்க நேரமேது? மீசை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "பொழுது சாய்வதற்குள் அவனைக் குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் துரத்துங்கள்!" என்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மூக்கனின் மனைவி காத்தாயி, இடுப்பில் ஒரு பிள்ளையோடும் கையில் ஒரு சொம்போடும் சபைக்குள் வந்து நின்றாள்.

"மகாராஜா, கிணத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

"இதென்ன கேள்வி? கீழேயிருந்து. பாதாளத்திலிருந்து."

"அப்போ மழை இல்லாத வருசம் கிணறு ஏன் வத்துது? பாதாளத்துலயும் பஞ்சமா?"

ராஜா தலையைச் சொறிந்தார். இத்தனை வருடமாக இது தமக்கு ஏன் தோன்றவில்லை என்று குழம்பினார்.

"மேல விழுற மழைதான் சாமி, கீழ ஊறுது. மண்ணுக்குள்ள இறங்கி, பாறை இடுக்குல தங்கி, மெல்ல மெல்லக் கசிஞ்சு கிணத்துக்கு வருது. கொஞ்சம் ஆத்துக்கும் குளத்துக்கும் போகுது. அது வெயில்ல ஆவியாகி மேகமாகுது. மறுபடியும் மழை."

"இரு இரு. அப்படியென்றால் நான் கால் கழுவி ஊற்றிய தண்ணீர்?"

"சுத்தி வரும்."

"என் தாத்தா குளித்தது?"

"அதுவும்தான்."

ராஜா குடிப்பதற்காகக் கையில் வைத்திருந்த மோர்க் குவளையைப் பார்த்தார். மோரில் தாத்தா எவ்வளவு, மழை எவ்வளவு என்று கணக்குப் போட்டார். தலை சுற்றியது. மோரைக் கீழே வைத்துவிட்டார்.

"பயப்படாதீங்க. வெயில் இழுக்கும்போது தண்ணி மட்டும்தான் மேல போகும், அழுக்கு போகாது. மண்ணும் கொஞ்சம் வடிகட்டித் தரும். ஆனா கிணத்துக்குள்ளயே கொண்டுபோய்ச் சாயத்தைக் கொட்டுனா, பாவம், மண்ணு என்ன பண்ணும்?"

சபை வசந்தராயரைத் திரும்பிப் பார்த்தது. விஷயம் எல்லோருக்கும் தெரியும். ராஜாவுக்குத் தினமும் ஒரு நிறத்தில் பட்டு வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு தெருவில் ஓடியபோது ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார். உடனே வசந்தராயர் பட்டறைக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றுக்குள் அதைத் திருப்பிவிட்டு, மேலே பாறாங்கல்லைப் போட்டு மூடினார். "அழுக்கையே மாயமாக்கிவிட்டீரே!" என்று ராஜாவே முத்துமாலை போட்டார்.

வசந்தராயர் சிரித்தார். "பத்து ஆள் ஆழத்தில் கிடக்கும் சாயம் அரண்மனைக்கு நடந்து வருமா? அதற்கென்ன கால் முளைத்திருக்கிறதா?"

ராஜாவுக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. அவள் சொன்னாலும் சரியாக இருக்கிறது, இவர் சொன்னாலும் சரியாக இருக்கிறது!

"அப்போ அந்தக் கிணத்துல போட்டது அங்கேயே கிடக்குமுங்களா, ஐயா?"

"அங்கேயேதான் கிடக்கும். என் தலைமேல் சத்தியம்!"

"நல்லதாப் போச்சு. நீங்க அழுக்கை மாயமாக்கிட்டதா ஊரெல்லாம் பேச்சு, அதை நம்பித்தான் பத்து நாளைக்கு முன்னாடி ரெண்டு பானை எட்டிக்கொட்டைக் கஷாயத்தைப் பாறாங்கல் இடுக்கு வழியா அதுல ஊத்துனேன். நல்ல விஷம். இந்தாங்க, இது இப்ப இறைச்ச அரண்மனைக் கிணத்துத் தண்ணி. ஒரு மடக்கு குடிச்சிடுங்க. நாங்க மூட்டை கட்டிடறோம்."

வசந்தராயர் சொம்பை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். "இன்றைக்கு எனக்கு விரதம்" என்றார்.

"காலையில் என்னோடுதானே எட்டு இட்லி சாப்பிட்டீர்?" என்றார் ராஜா.

"அதனால்தான் மகாராஜா, வயிறு சரியில்லை."

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒன்றுமே புரியவில்லை. கொண்டா, நானே குடித்துப் பார்க்கிறேன்!" என்று சொம்பைப் பிடுங்கி அண்ணாந்தார்.

"ஐயோ, குடிக்காதீர்கள்! விஷம் இறங்கி வந்திருக்கும்!" என்று வசந்தராயர் அலறிவிட்டார்.

ராஜா சொம்பைக் கீழே இறக்கினார்.

"எப்படி வரும்? கால்தான் இல்லையே?" என்றார் ராஜா மெதுவாக.

வசந்தராயர் தடாலென்று ராஜா காலில் விழுந்தார். போன மாதமே நெசவாளர் தெருக் கிணறு நீலமானதையும், அவர்களை மிரட்டி வாயை அடைத்ததையும் ஒவ்வொன்றாகக் கக்கினார்.

"எந்த விஷமும் ஊத்தலைங்க. பிள்ளை பெத்தவ ஊர் குடிக்கிற தண்ணியில விஷம் ஊத்துவாளா?" என்றாள் காத்தாயி.

மூக்கன் குடும்பத்தைத் துரத்தும் உத்தரவு அந்த நிமிடமே ரத்தானது. முத்துமாலை வசந்தராயர் கழுத்திலிருந்து கழன்று காத்தாயி கைக்கு வந்தது. பாழுங்கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, நெசவாளர் தெரு வீடுகளுக்கெல்லாம் தினமும் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டியது வசந்தராயர் வேலை என்று தீர்ப்பானது. தினம் ஒரு நிறம் வேண்டும் என்று கேட்ட வாய் தம்முடையதுதான் என்பதும் ராஜாவுக்கு உறைத்தது. பட்டறையை மூடச் சொன்னார்.

"சரி, நாளைக்குள் என் கிணறு தெளியட்டும்!"

"அது உங்க உத்தரவுக்குத் தெளியாதுங்க. மண்ணுக்குள்ள தண்ணி ஆமை மாதிரி நகரும். இன்னும் எத்தனை மழைக்காலம் வேணுமோ?"

"அதுவரை நான் எதைக் குடிப்பது? ஊரில் எந்தக் கிணறுதான் நன்றாக இருக்கிறது?"

"எங்க மேட்டுத்தெருக் கிணறு இருக்கு. மண்ணுக்கடியிலயும் தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் போகும். பட்டறை எங்களுக்குக் கீழ இருக்கு, அதனால தப்பிச்சோம்."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் கொஞ்சம் தயங்கினார். காலையில் துரத்தச் சொன்ன வீடல்லவா? கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தாயி, தாகமாக இருக்கிறது. உங்கள் கிணற்றிலிருந்து எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தருவாயா?"