சாராள் பேசிய இடம்

விலங்கு ஒரு கேள்வி கேட்டால் மனிதன் பதில் சொல்லியே ஆகவேண்டிய காலம் அது. யூதேயாவின் மலையூர் ஒன்றில் மல்கியா என்பவன் வேதத்தைத் தோலில் நகலெடுத்துக்கொண்டிருந்தான். ஊரின் பழைய சுருள் தொட்டாலே உதிர்ந்தது. அது முழுவதும் உதிர்வதற்குள் புதியதை எழுதி முடிக்க வேண்டும்; இன்னும் ஒரு தோல் அளவு மட்டும் பாக்கி. ஆனால் ஆடு சம்மதிக்காமல் அதன் தோலில் வேதத்தை எழுதக்கூடாது என்பது அன்றைய சட்டம்.

இரண்டு வருடமாக மழை இல்லை. ஊரில் மிஞ்சியது ஒரு தாய் வெள்ளாடும் அதன் இரண்டு குட்டிகளும்தான். மூத்த குட்டி காய்ச்சலில் செத்ததும் மல்கியா தாயிடம் அதன் தோலைக் கேட்டான்.

"எடுத்துக்கோங்க. ஆனா சின்னதைக் கேக்கக் கூடாது" என்றது ஆடு.

"கேக்க மாட்டேன்."

ஆடு அதை நம்பவில்லை. தினமும் காலையில் வந்து ஜன்னலோரம் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலையைச் சொறிந்தால்கூட ஏன் என்று கேட்டது.

"விடு அக்கா, அவர் பொய் சொல்ல மாட்டார்" என்றாள் மல்கியாவின் மனைவி அக்சாள்.

"நீ அவரைக் கட்டினவ. வேற என்ன சொல்லுவ?"

எட்டாம் நாள் ஆடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு தோலைப் பார்த்தது. எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, எறும்புக்கூட்டம் போல ஒட்டிக்கொண்டு நின்றன.

"பழசுல இப்படி இல்லையே. எதை மறைக்க இப்படி நெருக்கி எழுதுறீங்க?"

"ஒன்றையும் மறைக்கல."

"அப்போ படிங்க."

மல்கியா படித்தான். கடவுள் ஆபிரகாமிடம் மகனைப் பலியாகக் கேட்கிறார். ஆபிரகாம் விடியற்காலையில் எழுந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, மகன் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்.

"நில்லுங்க" என்றது ஆடு. "பையனோட அம்மா எங்க?"

"சாராளா? வீட்டில் இருந்திருப்பாள்."

"ஒருத்தன் விடியறதுக்குள்ள பிள்ளையையும் விறகையும் கத்தியையும் எடுத்துட்டுக் கிளம்புறான். பெத்தவ ஒரு வார்த்தை கேக்கலையா?"

"வேதத்தில் இல்லை."

"இல்லையா, இல்ல நீங்க விட்டுட்டீங்களா?"

மல்கியாவுக்குக் கோபம் வந்தது. பழைய சுருளைக் கொண்டுவந்து ஜன்னலில் விரித்தான். அதிலும் சாராளின் பேச்சு ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெறும் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. ஆடு அந்த வெள்ளையில் காதை வைத்தது. வெகுநேரம் அசையவில்லை.

"இங்க இருக்கா" என்றது மெதுவாக. "எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு கேக்கறா. திரும்பத் திரும்பக் கேக்கறா."

பிறகு புதிய தோலில் காதை வைத்தது. "இதுல மூச்சுச் சத்தம்கூட இல்ல. அடைச்சுட்டீங்க."

வேதம் கறுப்பு நெருப்பாலும் வெள்ளை நெருப்பாலும் எழுதப்பட்டது என்று மல்கியாவின் ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். கறுப்பு எழுத்து, வெள்ளை அதைச் சுற்றியுள்ள வெளி, இரண்டும் வேதம்தான். அதை அவன் ஓர் அழகான பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது அவனும் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தான்.

"உன் சின்னக் குட்டிக்காகத்தான் நெருக்கினேன். இடம் விட்டு எழுதினால் இந்தத் தோல் போதாது."

"நல்லதுக்குத்தான்னு அந்த ஆபிரகாமும் சொல்லியிருப்பார். சரி, இதைச் சுரண்டித் திருத்துங்க."

"ஒட்டிய எழுத்தைச் சுரண்டினால் தோல் ஓட்டையாகும். புதுத் தோல்தான் வேணும்."

ஆடு சட்டென்று குட்டிக்கு முன்னால் போய் நின்றது. "ஓஹோ. ஆரம்பத்துலேருந்தே இதுக்குத்தானா?"

"இல்ல" என்றான் மல்கியா. பழைய சுருளின் ஓரம் அவன் மடியிலேயே பொடிந்து விழுந்தது. இன்னும் சில நாளில் எழுத்தும் போய்விடும், வெள்ளையும் போய்விடும். ஆடு அதைப் பார்த்தது. குட்டி அதன் காலுக்கிடையில் முட்டிப் பால் தேடியது. பாலும் வற்றியிருந்தது.

"அக்சாள்" என்றது ஆடு. "இவர்கிட்ட பேச மாட்டேன், உன்கிட்டதான் பேசறேன். நான் கிழவி. அடுத்த மழையை எப்படியும் பாக்கப்போறதில்ல. என் தோலை எடுத்துக்கோங்க. இவர் ஒவ்வொரு எழுத்து எழுதினதும் நீ பாரு. ஒண்ணு இன்னொண்ணைத் தொட்டிருந்தா அந்தச் சுருளைத் திறக்க விடாத. அந்தப் பொம்பள பேசறதுக்கு இடம் வேணும். என் குட்டிக்குப் புல் நீதான் போடணும்."

அக்சாள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

தாய் ஆட்டின் தோலில் சுருள் முடிந்தது. குட்டி பிழைத்தது. அக்சாள் கையால் புல் தின்றது. ஆனால் மல்கியா எத்தனை தடவை கூப்பிட்டும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் வம்சத்தில் எந்த ஆடும் பிறகு மனிதனிடம் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் வேதச் சுருளில் எழுத்தும் எழுத்தும் ஒட்டாமல், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெறும் தோலை விட்டு எழுதுகிறார்கள். ஒன்று ஒட்டியிருந்தாலும் சுருளை மூடிவிடுகிறார்கள். வேதத்தில் மறைபொருள் தேடுகிறவர்கள் கறுப்பை வாயால் படித்துவிட்டு, வெள்ளை வரும்போது பேசாமல் காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதும் அன்றிலிருந்துதான்.