துணியில் வந்த கறுப்பு

பூங்கோதைக்கு முப்பத்தெட்டு வயது. நாமக்கல் பக்கத்து லாரிக் குடும்பம். பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவள், விமானமும் ஓட்டியே தீருவேன் என்று ஒரு பயிற்சிப் பள்ளியில் வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் சிரித்தவர்கள் உண்டு. அவள் தனியாக விமானத்தைக் கிளப்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பதறாமல் இறக்கிக் காட்டியபின் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அவளுக்கு விமானத்தின் கட்டுமானம் சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. பள்ளியின் எஞ்சினீயரும் அவள்தான். மாணவியைவிடப் பத்து வயது சின்னவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள், சிஷ்யை குருவை மேடம் என்றாள். இருவருக்கும் இதில் சங்கடம் இல்லை.

ஒருநாள் ஜெசிந்தா இறக்கையின் படத்தைப் பலகையில் வரைந்தாள். நீளவாக்கில் ஓடும் உத்தரம். அதற்குக் குறுக்கே விலாச் சட்டங்கள். மேலே மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் நூற்றுக்கணக்கான ரிவெட் ஆணிகள்.

பூங்கோதை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நோட்டை மூடினாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க மேடம்."

"கேளுங்கக்கா."

"இதெல்லாம் கட்டறவங்களுக்கு வேணும். ரிப்பேர் பாக்கற உங்களுக்கு வேணும். ஓட்டறவளுக்கு எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். கேட்ட தொனியில் கொஞ்சம் எகத்தாளமும் இருந்தது.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினாள்.

"நாளையிலேருந்து காலையில நீங்களே ஃப்ளைட்டைத் துடைங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

"கை பழகுற வரைக்கும்."

பூங்கோதை முகம் சுளிக்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் வாளியும் துணியுமாக வந்து நின்றாள். ஆயுத பூஜைக்கு லாரியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். ஏழு மணிக்கு ஜெசிந்தா வந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகப் பார்த்து, பறக்கலாம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்கக்கா" என்றாள்.

பூங்கோதைக்கு உள்ளூரப் பெருமை. மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஒரே ஒரு இடம் மட்டும் அவளோடு மல்லுக்கு நின்றது. இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், அடிப்பக்கம், வரிசையாக ஐந்து ரிவெட்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய கறுப்பு வால். துடைத்தால் போய்விடும். பகலெல்லாம் விமானம் பறந்து வந்தால், மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். எஞ்சின் புகை படிகிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நீயா நானா பார்த்துவிடலாம் என்று சோப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று.

ஓட்டுநர் தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் கேப்டன் உத்தண்டராமன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பூங்கோதை எழுத்துத் தேர்வில் தேறியது இன்னும் மூன்று நாளில் காலாவதியாகிறது. இன்று பறந்து காட்டாவிட்டால் எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பள்ளியில் ஓடும் நிலையில் இருந்ததோ ஒரே விமானம். இன்னொன்று எஞ்சின் இறக்கிக் கிடந்தது.

அன்றும் விடிந்ததும் துடைத்தாள். ஐந்து வால்களும் போயின. ஜெசிந்தா வந்து பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். கேப்டனும் விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

பூங்கோதை துணியை அலசிப்போட எடுத்தாள். அதிலிருந்த கறுப்பு கண்ணில் பட்டது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

புகைக்கரி பிசுபிசுக்கும். லாரிக்காரிக்கு அது தெரியாதா? இது வறண்டிருந்தது. விரலிடுக்கில் நறநறத்தது. வெயிலில் பிடித்தால் ஈயச்சாயல் மின்னியது.

லாரியில் சக்கரத்து நட்டு தளர்ந்தால் அதைச் சுற்றித் துரு கோடு போடும். லாரி ஓட்டப் பழகியபோதே கற்றுக்கொண்ட பாடம் அது. அப்படிக் கோடு கண்ட வண்டியை அவள் ஒருநாளும் கிளப்பியதில்லை.

அவள் விமானத்தைப் பார்த்தாள். பளபளவென்று நின்றது. பதிவேட்டில் கையெழுத்து ஈரம் காய்ந்திருந்தது. அந்தக் கறுப்பைக் கண்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று மனசு கெஞ்சியது.

துணியை எடுத்துக்கொண்டு நேராக நடந்தாள்.

"மேடம், அந்தக் கையெழுத்த அடிச்சிருங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

பூங்கோதை துணியை விரித்துக் காட்டினாள். கேப்டன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் சுத்திப் பாத்தேனேம்மா. ஒரு குறையும் தெரியலையே."

"தெரியாதுங்க சார். தெனம் நாந்தானுங்க தொடச்சு எடுத்துட்டேன்."

ஜெசிந்தா அந்தத் தூளைத் தொட்டாள். அவள் முகம் மாறியது. இறக்கைக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

"எங்கக்கா?"

பூங்கோதை தேடவே இல்லை. விரல் தானாகப் போய் ஐந்து இடத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டது.

ஜெசிந்தா ஒரு ரிவெட்டின் தலையில் விரலை வைத்து, பக்கத்துத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரிவெட் மயிரிழையளவு அசைந்தது. அடுத்ததும் அசைந்தது.

"தளர்ந்து போயிருக்கு. தகட்டோட உரசி உரசித் தூளாகுது. காத்து அதைப் பின்னால இழுத்துட்டுப் போகுது."

எழுந்துவந்து தன் கையெழுத்தைத் தானே அடித்தாள். கேப்டன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவருடைய கார் புறப்பட்டுப் போகும்வரை பூங்கோதை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அந்த இடத்துத் தகட்டைக் கழற்றினார்கள். ஜெசிந்தா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தாள். இறக்கையையே தாங்கும் உத்தரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

இருவரும் கண்ணாடியில் அதை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தேர்வுக்கு என்ன பண்ணப் போறீங்கக்கா?"

"மறுக்கா எழுதறேனுங்க. ஆறு மாசம் ஆனாலும் சரி, ஒரு வருசம் ஆனாலும் சரி. ஓட்டாம ஊருக்குப் போறதில்ல."

கழற்றிய தகட்டை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு அவளே திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க மேடம்."

"கேளுங்கக்கா."

"இது இருக்கறது தெரிஞ்சுதான் எங்கிட்டத் துணியக் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன்."

"தெனம் காலையில டார்ச் அடிச்சுப் பாத்தீங்களே?"

ஜெசிந்தா டார்ச்சை அணைத்தாள்.

"பாத்தேன்க்கா. நான் பாக்கும்போதெல்லாம் சுத்தமா இருந்துச்சு."